படைக்குப் போகாத மார்ஷல்

2019 மே மாதக் கடைசி ஞாபகம் இருக்கிறதா? தலையில் சுத்தியல் விழுந்த கான்ட்ராக்டர் நேசமணி பிழைக்க வேண்டும் என்று ஊரே ட்விட்டரில் பிரார்த்தனை செய்தது. 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் அது. டெல்லியில் புதிய அரசு பதவியேற்ற செய்தியோடு போட்டி போட்டு முன்னால் நின்றார் நேசமணி. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜூன் 1 வந்தது. அன்றைக்கு இன்னொரு நேசமணியின் நினைவு நாள். 1968 ஜூன் 1 அன்று காலமானவர். அவர் பெயருக்கு முன்னால் ‘மார்ஷல்’ என்று ஒரு பட்டம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சிலையாக, கல்லூரியாக, பேருந்தின் பக்கவாட்டு எழுத்தாக மட்டும் நமக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றிப் பேசுவதுதான் இந்தப் பகுதியின் வேலை. இந்த வாரம் மார்ஷல் நேசமணி. அவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஆனால் அவருடைய கதையை நான் பண்பொழியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். காரணம் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் கலெக்டர்

பண்பொழி திருமலைக்கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றால், மேற்கே மலை மதில் மாதிரி நிற்கும். அந்த மலைக்கு அப்புறம் கேரளா. பண்பொழியிலிருந்து மேக்கரை வழியாக மலையேறினால் அச்சன்கோவில். இந்தப் பக்கம் செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு. சபரிமலை சீசனில் இந்தச் சாலைகளில் வண்டி நிற்க இடம் இருக்காது.

இன்று பண்பொழி, தென்காசி மாவட்டம் செங்கோட்டை வட்டத்தில் இருக்கிறது. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். அதற்கு முன்னால் திருநெல்வேலி மாவட்டம். அதற்கும் முன்னால்?

1956 அக்டோபர் 31 வரை செங்கோட்டை தாலுகா தமிழ்நாட்டிலேயே இல்லை. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். மாவட்டத் தலைநகரம் கொல்லம். கூப்பிடு தூரத்தில் தென்காசி இருக்க, ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால் மலையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போக வேண்டும். மாநிலத் தலைநகரம் திருவனந்தபுரம்.

மன்னராட்சிக் காலத்தில் அங்கே காசும் வேறு. 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கடிதம் போடவும் ‘அஞ்சல்’ என்று தனித் தபால் இலாகா இருந்தது. ஆஷ் துரையை மணியாச்சியில் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர் என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் திருவிதாங்கூர் அரசின் வனத்துறையில், புனலூரில் வேலை பார்த்தவர். செங்கோட்டைப் பையனுக்கு அன்றைக்கு அரசு வேலை என்றால் அது திருவிதாங்கூர் அரசு வேலை.

வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், கோவிலில் தமிழ். அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தால் மலையாளத்தின் கை ஓங்கியிருக்கும். இந்த நிலைமை மாறியது எப்படி என்று கேட்டால்தான் நேசமணி வருகிறார்.

மூன்று பேருக்கு மட்டும் கொடுத்த பட்டம்

முதலில் அந்தப் பட்டத்தைப் பார்த்துவிடலாம். சுதந்திர இந்தியாவில் ‘மார்ஷல்’ என்ற ஐந்து நட்சத்திரப் பதவியை அரசு மொத்தம் மூன்று பேருக்குத்தான் கொடுத்திருக்கிறது. 1973-ல் சாம் மானெக்‌ஷா, 1986-ல் கரியப்பா இருவரும் ஃபீல்டு மார்ஷல்கள். 2002-ல் அர்ஜன் சிங் விமானப்படையின் மார்ஷல் ஆனார்.

நேசமணி இந்தப் பட்டியலில் இல்லை. அவர் ராணுவத்திலும் இல்லை. வக்கீல். கறுப்புக் கோட்டைத் தவிர வேறு சீருடை போட்டவர் அல்ல.

ராணுவத்திலிருந்து அரசியலுக்கு வருவது நமக்குப் புதிதில்லை. மேஜர் ஜெனரல் கந்தூரி உத்தராகண்ட் முதல்வர் ஆனார். கேப்டன் அமரீந்தர் சிங் பஞ்சாபை இரண்டு முறை ஆண்டார். அமெரிக்காவில் ராணுவம், சட்டம், மாநில அரசியல் மூன்றையும் ஒரே ஆள் கடந்து வருவது சாதாரணம். ஃபுளோரிடா ஆளுநரான ரான் டிசாண்டிஸ் கடற்படையில் சட்ட அதிகாரியாக இருந்தவர். ஜோ பைடனின் மகன் பியூ பைடன், டெலவேர் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தபோதே, ராணுவச் சட்டப்பிரிவு அதிகாரியாக இராக் போய் வந்தார். அங்கெல்லாம் சீருடை ஒரு தகுதிச் சான்று. ‘நாட்டுக்காக நின்றவன்’ என்று சொல்லி ஓட்டுக் கேட்கலாம்.

நேசமணிக்கு நடந்தது தலைகீழ். முதலில் போராட்டம், பிறகுதான் பட்டம். ஒரு படையை நடத்துவதுபோல இயக்கத்தை நடத்தினார் என்று மக்களே அவரை மார்ஷல் ஆக்கிவிட்டார்கள். அரசாணை கிடையாது, தோளில் நட்சத்திரம் கிடையாது. அரை நூற்றாண்டு தாண்டியும் பட்டம் மட்டும் உதிரவில்லை.

நாற்காலியும் முக்காலியும்

1895 ஜூன் 12 அன்று, இன்றைய குமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியில் உள்ள பள்ளியாடியில் பிறந்தார் நேசமணி. திருவனந்தபுரத்தில் சட்டம் படித்தார். 1920-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார்.

அவருடைய முதல் நாள் கோர்ட் பற்றி குமரி மாவட்டத்தில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்ட வக்கீல்களுக்கு நாற்காலி. மற்றவர்களுக்கு முக்காலி. தனக்குப் போட்டிருந்த முக்காலியை நேசமணி காலால் எட்டி உதைத்தார், மறுநாளிலிருந்து எல்லோருக்கும் நாற்காலி வந்தது என்று போகும் அந்தக் கதை. சொல்பவர்களைப் பொறுத்து விவரங்கள் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் சாதி பார்த்து இருக்கை போட்ட காலம் அது என்பதும், அதை எதிர்த்து நின்றதால்தான் அவர் பெயர் முதலில் ஊருக்குத் தெரிந்தது என்பதும் மாறாது.

வெறும் கோபக்காரராக இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அதே நாகர்கோவிலில் வழக்கறிஞர் சங்கத் தலைவர் ஆனார். 1940-களில் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். உட்காரக்கூடாது என்று சொன்ன இடத்தில் உட்கார்ந்து, பிறகு அந்த இடத்துக்கே தலைமை தாங்குவது அவருடைய பாணி என்று சொல்லலாம்.

ஒரு கட்சி, ஒரே கோரிக்கை

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முன்னின்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவே பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. 1947-ல் நேசமணி அதில் சேர்ந்தார். கோரிக்கை ஒன்றுதான்: திருவிதாங்கூரில் தமிழர்கள் பெருவாரியாக வாழும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை. இவற்றோடு நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்று பட்டியல் நீண்டது. குமரி முனையிலிருந்து மூணாறு தேயிலைத் தோட்டம் வரை ஒரே இயக்கத்தின் கீழ் வந்தது இப்படித்தான். செங்கோட்டைப் பக்கத்துக் குரலாகச் சட்டநாத கரையாளர் இருந்தார்.

1948-ல் வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுத்துத் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. 120 இடங்களில் 97 ஸ்டேட் காங்கிரஸுக்கு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 14. அந்தத் தேர்தல் நேரத்துக் கலவரத்தில் மங்காடு தேவசகாயம், கீழ்க்குளம் செல்லையா இருவரும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். இந்தப் போராட்டத்தின் முதல் உயிர்ப்பலி இவர்கள்தான்.

14 பேரை வைத்துக்கொண்டு 97 பேர் இருக்கும் சபையில் என்ன செய்ய முடியும்? தீர்மானம் போட்டால் தோற்கும். ஆனால் தோற்கிற தீர்மானமும் சபைக் குறிப்பில் ஏறும். ‘இந்தத் தாலுகாக்கள் எங்களோடு இருக்கவே விரும்புகின்றன’ என்று திருவனந்தபுரம் சொல்ல முடியாதபடி, தேர்தலுக்குத் தேர்தல் அந்தத் தாலுகாக்களின் ஓட்டே சாட்சி சொன்னது. ஒரு வக்கீல் கட்சி நடத்தினால் இப்படித்தான் நடத்துவார். 1952-ல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி நாடாளுமன்றத்துக்குப் போனார். வழக்கு இப்போது டெல்லி வரை போய்விட்டது.

இதற்கிடையில் கட்சிக்குள் பிளவுகள் வந்தன. தலைமை மாறியது, மறுபடி கூடினார்கள். எல்லாம் ஒரே சீராகப் போனதாக நினைத்துவிடக் கூடாது.

1954 ஆகஸ்ட் 11

1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சியில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 117 இடங்களில் காங்கிரஸ் 45. பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19 தான். ஆனாலும் காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுக்க, அந்தக் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை முதல்வர் ஆனார். அவரும் வக்கீல்தான், சுதந்திரப் போராட்ட வீரர்தான். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12 இடங்கள்.

அந்த ஆண்டு தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளர்கள் மீது நெருக்கடி அதிகமானது. கூட்டம் போடத் தடை வந்தது. நேசமணியும் அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோரும் தடையை மீறி அங்கே போய்க் கைதானார்கள். தெற்கே கொந்தளிப்பு பரவியது.

ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலம் போனார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் இறந்தார்கள். துப்பாக்கி கையில் இல்லாத ஒரு ‘மார்ஷல்’ இயக்கத்தின் தொண்டர்கள், துப்பாக்கி முன்னால் விழுந்தார்கள்.

அடுத்து நடந்தது இந்திய அரசியலில் அபூர்வம். சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவர் ராம் மனோகர் லோகியா. மக்களைச் சுட்ட அரசு, அது தன் கட்சி அரசாகவே இருந்தாலும், பதவி விலக வேண்டும் என்று சொன்னார். பட்டம் விலகவில்லை. அந்தக் கேள்வி கட்சியையே உடைக்கும் அளவுக்குப் போனது. 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றுப் பட்டத்தின் அரசு கவிழ்ந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கமும் இதே ஆசைதான் இருந்தது. திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என்று மூன்றாகக் கிடந்த மலையாளிகள் ஒரே கேரளம் வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மொழிப்பற்றும் நம்முடையதும் ஒரே எடைதான். கோடு எங்கே போடுவது என்பதில்தான் சண்டை.

கோடு போட்டார்கள்

1953 டிசம்பரில் மத்திய அரசு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. ஃபசல் அலி தலைவர். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் உறுப்பினர்கள். 1955-ல் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஐந்தும் சென்னை மாநிலத்துக்கு. மற்றவை கேரளத்துக்கு.

தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர்கள் அதிகம் என்றாலும் அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து குடியேறியவர்கள், அந்த மலைகள் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு முக்கியம் என்பது ஆணையம் சொன்ன காரணம். ஏமாற்றம் பெரிதாக இருந்தது.

செங்கோட்டையும் முழுசாக வரவில்லை. கிழக்கே வயலும் ஊரும் உள்ள பகுதி நமக்கு வந்தது. மேற்கே காடும் தோட்டமுமான ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தோடு நின்றது. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது பலகையில் எழுத்து மாறுகிறதே, அந்தக் கோடு அப்போது விழுந்ததுதான்.

1956 நவம்பர் 1. நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. கேரளமும் அன்றுதான் பிறந்தது.

கேட்டது கிடைத்ததும் கட்சி என்ன ஆனது? காங்கிரஸோடு இணைந்து கரைந்துவிட்டது. கோரிக்கை முடிந்த பிறகும் கட்சியையும் கொடியையும் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்ளவில்லை. இன்றைய அரசியலைப் பார்த்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

நேசமணி 1957-ல் சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். 1962-லும் 1967-லும் நாகர்கோவில் எம்.பி. ஆனார். 1967-ல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியை இழந்து, காமராஜரே விருதுநகரில் தோற்ற அதே தேர்தலில் நேசமணி ஜெயித்தார். அடுத்த ஆண்டு பதவியில் இருக்கும்போதே காலமானார். அந்தக் காலியிடத்துக்கு 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில்தான் காமராஜர் நின்று ஜெயித்து டெல்லி போனார்.

ஒரு கோட்டின் விலை

‘இந்தியாவுக்குள்தானே இருக்கிறது, எந்த மாநிலமாக இருந்தால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். நம் வட்டாரத்து விவசாயிகளிடம் கேட்டால் பதில் சொல்வார்கள்.

முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. அதன் தண்ணீரைக் குடிப்பது தேனி, மதுரை வயல்கள். அணையின் உயரம் பற்றி எத்தனை ஆண்டாக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். செண்பகவல்லித் தடுப்பணையின் உடைப்பைச் சரிசெய்து கொடுங்கள் என்று வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உடைப்பு இருக்கும் இடம் கேரள வனப்பகுதி. வரைபடத்தில் ஒரு கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பது, யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பிள்ளை எந்த மொழியில் படிக்கிறது, பட்டா எந்த மொழியில் வருகிறது, ரேஷன் கார்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்கப் பாட்டியால் முடிகிறதா என்பதையும் அதே கோடுதான் தீர்மானிக்கிறது. பண்பொழியில் இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை தமிழில் பரீட்சை எழுதுவது இயல்பான விஷயமாகத் தெரிகிறது. அது இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் மார்த்தாண்டத்தில் சிலர் வீடு திரும்பவில்லை.

ஆனால் ஒரு குறை. குமரி மாவட்டத்தில் நேசமணிக்கு மணிமண்டபம் உண்டு, மார்த்தாண்டத்தில் அவர் பெயரில் கல்லூரி உண்டு. 1997-ல் தலைவர்கள் பெயர்களை எடுக்கும் வரை அங்கே ஓடிய அரசுப் பேருந்துகளில் ‘நேசமணி போக்குவரத்துக் கழகம்’ என்று எழுதியிருந்தது. செங்கோட்டை வட்டாரத்தில் அவரை யார் நினைக்கிறார்கள்? அதே நாளில், அதே போராட்டத்தால் நாமும் இந்தப் பக்கம் வந்தவர்கள்தானே. தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ என்று அரசியல் மேடைகளில் விவாதம் நடந்தது. 2019-ல் ஓர் அரசு நவம்பர் 1 என்றது. 2021-ல் அடுத்த அரசு ஜூலை 18 என்றது. எந்த நாளாகவும் இருக்கட்டும். செங்கோட்டைக்கும் பண்பொழிக்கும் நவம்பர் 1 வெறும் தேதி இல்லை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டில் எண்பது வயது தாண்டிய தாத்தாவோ ஆச்சியோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ‘செங்கோட்டை மலையாளத்துச் சீமையில் இருந்தப்ப எப்படி இருந்துச்சு?’ என்று கேளுங்கள். சக்கரக் காசு பார்த்திருக்கிறார்களா, கொல்லத்துக்கு எதற்காவது அலைந்தார்களா, 56-ல் ஊரில் மிட்டாய் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் பத்திரம் ஏதாவது கிடைத்தால், குப்பையில் போடாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் வீடு இருக்கும் இடம் எந்த மாநிலம் என்று ஒரு காலத்தில் வாதாட வேண்டியிருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.